எழுபத்திரண்டு கைகள்

தமிழ்நாட்டு அடுக்களைக்குள் சீனாக்காரன் நுழைந்து எத்தனையோ காலமாகிறது. சீனச்சட்டியில் தாளிக்கிறோம், சீனி போட்டுக் காப்பி குடிக்கிறோம், ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டிப் பரணில் வைக்கிறோம். தீபாவளி வந்தால் சீனவெடி வேறு. இவ்வளவு சாமான்களைத் தயங்காமல் வாங்கிக்கொண்ட நாம், அந்த நாட்டாருடைய புத்தியை வாங்கிக்கொள்ள மட்டும் வெகுகாலம் யோசித்தோம். யுவான் சுவாங் காஞ்சிபுரத்துக்கு வந்துபோனதைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டோமே தவிர, அவர் ஊர்ப் பெரியவர்கள் என்னதான் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று விசாரித்தோமில்லை.

இப்போது அந்தக் குறையும் தீர்ந்துவருகிறது. குளிர்சாதனம் செய்த ஓட்டல் மண்டபங்களில் மானேஜர்களை வரிசையாக உட்காரவைத்து, சுன் ட்சு என்ன சொன்னார், லாவோ ட்சு என்ன சொன்னார், கன்பூஷியஸ் என்ன சொன்னார் என்று பாடம் நடத்துகிறார்கள். போட்டிக் கம்பெனியை வெல்வது எப்படி, சிப்பந்திகளைக் கட்டி மேய்ப்பது எப்படி என்பதற்கெல்லாம் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய சீனாவிலே விடை இருக்கிறதாம். இருந்தாலும் இருக்கலாம். பழைய வைத்தியன் கைப்பெட்டியில் எல்லா நோய்க்கும் மருந்து உண்டு. எந்த மருந்தை எவனுக்குக் கொடுப்பது என்பதில்தான் சங்கடம்.

விருத்தாசலத்தில் இருக்கும் என் சிநேகிதர் ஒருவருக்கு இந்த மருந்து சென்ற வருஷம் கிடைத்தது.

விருத்தாசலம் என்றால் ரயில் பிரயாணிகளுக்கு ஒரு ஜங்ஷன். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பாதையில், ஒரு கை கடலூரை நோக்கியும் மறு கை சேலத்தை நோக்கியும் நீட்டிக்கொண்டு நிற்கிற ஊர். பக்தர்களுக்கு அது திருமுதுகுன்றம். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் குடிகொண்டிருக்கும் ஸ்தலம். இந்த இரண்டு விருத்தாசலங்களையும் தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு. அது பீங்கான் விருத்தாசலம். செராமிக் தொழிற்பேட்டையில் சின்னதும் பெரியதுமாகப் பட்டறைகள். மின்சாரக் கம்பியைத் தாங்கும் வெள்ளைக் குப்பிகள், பொம்மைகள், பூச்சாடிகள், கார்த்திகைக்கு ஏற்றும் அகல்விளக்குகள் எல்லாம் அங்கே அச்சில் பிறந்து சூளையில் வெந்து வெளியே வருகின்றன. இந்தத் தொழிலைப் படித்துக் கொடுக்க அரசாங்கப் படிப்பும் அந்த ஊரிலேயே உண்டு.

இதற்கெல்லாம் மூலகாரணம் பக்கத்திலிருக்கும் நெய்வேலி. அங்கே 1956-ஆம் ஆண்டில் நிறுவனம் ஏற்பட்டுப் பழுப்பு நிலக்கரிக்காகப் பூமியைத் தோண்டினார்கள். கரிக்கு மேலே கிடந்த மண்ணோடு மண்ணாக வெள்ளைவெளேரென்று ஒரு களிமண்ணும் வந்தது. கரியைத் தேடினால் வெள்ளை கிடைக்கிற அதிசயம்! உலகத்தார் அந்த ஜாதி மண்ணைக் ‘காவோலின்’ என்கிறார்கள். சீனாவில் ஜிங்டெசென் என்ற பீங்கான் நகரத்துக்குப் பக்கத்தில் காவோலிங் என்று ஓர் இடம் இருக்கிறது. அதிலிருந்து வந்த பெயர். காவோலிங் என்றால் உயர்ந்த குன்று. முதுகுன்றத்து ஊர் உயர்குன்றத்துப் பெயரால் பிழைக்கிறது! என் சிநேகிதர் சீனத்துப் புத்தகம் படிக்க ஆரம்பித்ததில் ஒருவகை நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவருடைய பட்டறையில் பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து காலையில் பஸ்ஸில் வந்து சாயங்காலம் பஸ்ஸில் திரும்புகிறவர்கள். மண் கரைப்பவர், அச்சில் வார்ப்பவர், விளிம்பைச் சீவி ஈரத்துணியால் துடைப்பவர், காயவைப்பவர், பளபளப்புக் கரைசலில் முக்குபவர், சூளையில் அடுக்குபவர், பிரித்து எண்ணிப் பெட்டியில் போடுபவர் என்று ஆளுக்கு ஒரு வேலை. கூலி எண்ணிக்கைப்படி. நல்ல விளக்குக்குத்தான் காசு. கீறல் விழுந்ததற்குக் கிடையாது.

சென்ற கார்த்திகைக்கு முன்னால் அவருக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. முதல் சூளையைத் திறந்தால், நான்கில் ஒரு விளக்கின் விளிம்பில் மயிரிழை போலக் கீறல். இரண்டாவது சூளையும் அப்படியே. முதலாளி கணக்குப் பார்த்தார்; கீறல் விளக்குகளுக்குக் கூலியைப் பிடித்துக்கொண்டார். மூன்று பெண்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. இந்தச் சமயத்தில்தான் யாரோ ஒரு புண்ணியவான் அவருக்குச் சுன் ட்சு எழுதிய போர்க்கலை நூலைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்.

நான் ஒரு கல்யாணத்துக்காக விருத்தாசலம் போயிருந்தேன். அவர் என்னைப் பட்டறைக்கு அழைத்துப் போய், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, “எதிரியைத் தெரிஞ்சுக்கணும் சார். அதுதான் இந்தப் புத்தகத்தோட சாரம். என் பட்டறைக்குள்ளேயே எதிரி இருக்கான். யாருன்னுதான் தெரியலே” என்றார்.

“எதிரி என்று எப்படித் தெரிந்தது?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “என் பேரிலே கொளஞ்சியப்பர் கோயில்லே பிராது கட்டியிருக்காங்க!”

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் என்ற பெயரில் முருகன் கோயில் கொண்டிருக்கிறார். மனிதரிடம் சொல்லித் தீராத வழக்கைக் காகிதத்தில் எழுதி அவர் சந்நிதியில் வைத்துப் பூஜித்து, அங்கேயுள்ள முனியப்பருக்கு முன்னால் வேலில் கட்டிவிடுவார்கள். காணாமல்போன நகை, கொடுத்துத் திரும்பாத கடன், குடும்பச் சண்டை எல்லாவற்றுக்கும் அது கோர்ட்டு. வக்கீல் இல்லை, வாய்தாவும் இல்லை. முருகனிடம் பிராது போனால் தீர்ப்பு வந்தே தீரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. என் சிநேகிதருக்கும் அந்த நம்பிக்கை பூரணமாக உண்டு. அதனால்தான் முகம் வெளுத்திருந்தது.

எனக்கு அந்தக் காகிதத்தில் ஆத்திரத்தைவிட வேறொன்று தெரிந்தது. முதலாளியின் அறைக்கும் அந்தப் பெண்கள் உட்காரும் கூடத்துக்கும் நடுவே இருபது அடி தூரம்கூட இல்லை. அந்த இருபது அடியை நடக்க முடியாமல், பஸ் ஏறி மணவாளநல்லூர் போய்த் தெய்வத்திடம் சொல்லியிருக்கிறார்கள் என்றால், அந்த இருபது அடி எவ்வளவு நீளமானது!

அறைச் சுவரில் ஒரு படம் தொங்கியது. பத்துக் கைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்க, கீழே கூட்டுமுயற்சியின் பெருமையை இங்கிலீஷில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். கூடத்திலும் அதே படம் ஒன்று. அங்கே இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அப்போது எனக்கு இலங்கையில் காலி நகரத்தில் 1911-ல் அகப்பட்ட ஒரு கல்வெட்டு ஞாபகம் வந்தது. செங் ஹோ என்ற சீனக் கப்பற்படைத் தலைவன் 1409-ஆம் ஆண்டு என்று தேதியிட்டுக் கொண்டுவந்து நாட்டிய கல். அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீன எழுத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறது. காணிக்கைகளும் ஏறத்தாழச் சரிசமம். பெரும்படையோடு வந்தவன்கூட, கரையில் இருப்பவனுடைய பாஷையில், அவனுடைய சாமிக்கு மரியாதை செய்து பேச்சைத் தொடங்கவேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தான். இருபது அடி தூரத்தில் இருப்பவர்களுக்கு நாம் கடல் கடந்த பாஷையில் உபதேசம் மாட்டிவைக்கிறோம்.

“சுன் ட்சுவை முழுக்கப் படித்தீர்களா?” என்று கேட்டேன்.

“பாதி ஆச்சு.”

மீதியில்தான் விஷயம் இருக்கிறது. நிலங்களைப் பற்றிய பத்தாவது அத்தியாயத்தில், ஒரு படைக்கு நேரும் ஆறு கேடுகளை வரிசைப்படுத்துகிறார் அந்த மனிதர். வீரர்கள் ஓடிப்போவது அதில் ஒன்று. கட்டுக்கடங்காமல் போவது ஒன்று. ஒழுங்கு குலைவது ஒன்று. இந்த ஆறும் வானத்தால் வருவன அல்ல, தளபதியின் குற்றத்தால் வருவன என்று அடித்துச் சொல்லிவிடுகிறார். அதே அத்தியாயத்தில், வீரர்களைப் பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்கிறவனோடு அவர்கள் சாவுக்கும் வருவார்கள் என்கிறார். கொஞ்சிக் கெடுத்துவிடாதே என்றும் கூடவே எச்சரிக்கிறார். 1972-ல் ஷான்டுங் மாகாணத்தில் ஒரு பழைய கல்லறையைத் திறந்தபோது, மூங்கில் பட்டைகளில் எழுதிய இந்த நூலின் பகுதிகள் அகப்பட்டன. இரண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் அழியாத புத்தி அது. ஆனால் எதிரியைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் எல்லைக்கு அப்பால் நிற்பவனைப் பற்றி. சொந்தப் படையைப் பற்றி அல்ல.

சிநேகிதர் புத்தகத்தை மூடிவைத்தார். “போர்க்களத்து ஆளை விடுங்க. பீங்கான் செய்தவன் யாராவது புத்தி சொல்லியிருக்கானா, அதைச் சொல்லுங்க” என்றார்.

சொல்லியிருக்கிறார்கள். 1637-ல் சோங் யிங்சிங் என்ற அறிஞர் தம் நாட்டுக் கைத்தொழில்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதில் ஒரு பீங்கான் கிண்ணம் உருவாவதற்குள் 72 கைகள் மாறுகின்றன என்று கணக்குச் சொல்கிறார். இது நடந்து எழுபத்தைந்து வருஷம் கழித்து, 1712-ல், ஜிங்டெசெனில் இருந்த தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தம் நாட்டுக்கு எழுதிய கடிதத்திலும், ஒரு பாத்திரம் ஏறக்குறைய 70 பேர் கையைத் தாண்டி வருவதாகக் குறிப்பிட்டார். ஒருவன் கோடு மட்டும் போடுவான். இன்னொருவன் அந்தக் கோட்டுக்குள் வர்ணம் மட்டும் நிரப்புவான். இத்தனை கை பட்ட கிண்ணத்தில் ஒரு கீறல் விழுந்தால் அது யார் கை? இந்தக் கேள்விக்கு அந்த ஊர் இரண்டு விதமாக விடை கண்டது.

முதல் விடை பயங்கரமானது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதி. வான்லி சக்கரவர்த்தியின் அரண்மனைக்கு நாகம் தீட்டிய பிரம்மாண்டமான தொட்டிகள் வேண்டியிருந்தன. சூளையிலிட்ட தொட்டியெல்லாம் வெடித்தது. மேற்பார்வைக்கு வந்திருந்த பான் ஷியாங் என்ற அரண்மனை அதிகாரி, குயவர்களைப் பட்டினி போட்டான், சவுக்கால் அடித்தான். டோங் பின் என்ற சூளைக்காரர் சகிக்க முடியாமல் எரிகிற சூளைக்குள் குதித்துவிட்டார். மறுநாள் சூளையைத் திறந்தபோது தொட்டி பழுதில்லாமல் இருந்தது என்பது கதை. ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். அதன் பிறகு டோங் பின்னுக்குக் கோயில் கட்டி, காற்றுக்கும் நெருப்புக்கும் அதிபதியான தெய்வமாக வணங்கினார்கள். கேட்பதற்கு முதலாளி இல்லாதபோது தொழிலாளி தெய்வத்திடம் போகிறான். அல்லது தானே தெய்வமாகிவிடுகிறான்.

இரண்டாவது விடையின் பெயர் டாங் யிங். அரண்மனையில் ஊழியம் பார்த்தவர். 1728-ல் அவரை ஜிங்டெசென் சூளைகளுக்கு மேற்பார்வையாளராக அனுப்பினார்கள். மண்ணைப் பற்றியோ நெருப்பைப் பற்றியோ அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவும் இல்லை. வாசற்கதவைச் சாத்தினார். விருந்துகளையும் உத்தியோக மரியாதைச் சந்திப்புகளையும் நிறுத்தினார். குயவர்களோடு உண்டு, குயவர்களோடு உறங்கி, மூன்று வருஷம் வேலை கற்றார். மூன்று வருஷத்துக்குப் பிறகுதான் மண்ணும் சூளையும் தமக்குக் கொஞ்சம் பிடிபட்டதாக எழுதிவைத்தார். 1743-ல் சக்கரவர்த்தியின் கட்டளைப்படி, பீங்கான் செய்யும் முறையைக் காட்டும் 20 சித்திரங்களுக்கு விளக்கம் எழுதியவரும் அவரே. அந்த டோங் பின்னின் சரித்திரத்தையும் அவர் எழுதினார். அதிகாரியின் கொடுமையால் இறந்தவனைப் பற்றி, அதே நாற்காலிக்கு வந்த இன்னோர் அதிகாரி மரியாதையோடு எழுதினார் என்பதுதான் இதில் நான் மறக்க முடியாத விஷயம். அவர் காலத்துப் பீங்கானுக்கு ஈடில்லை என்று இன்றைக்கும் உலகத்துக் கண்காட்சிசாலைகள் சொல்கின்றன.

சிநேகிதர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “மூணு வருஷம் எனக்கேது சார்? கார்த்திகைக்கு மூணு வாரம்தான் இருக்கு” என்றார்.

“மூன்று நாள் இருக்குமா?”

இருந்தார். அதை அவரே பிற்பாடு டெலிபோனில் விஸ்தாரமாகச் சொன்னார். முதல் நாள் அவர் கூடத்தில் போய் முக்காலியில் உட்கார்ந்ததும், கோர்ட்டில் ஜட்ஜ் வந்தமாதிரி எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்களாம். இரண்டாம் நாள், விளிம்பு துடைக்கும் வேலையைத் தானும் செய்து பார்த்தார். காலையிலிருந்து மத்தியானத்துக்குள் எட்டு விளக்குகளை உடைத்தார். பெண்கள் முதலில் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்; பிறகு நிமிர்ந்தே சிரித்தார்கள். மூன்றாம் நாள், சூளை அடுக்குகிற அம்மாள் (அறுபதை நெருங்குகிறவள், அந்தப் பட்டறையிலேயே பழைய கை) தானாகவே வாயைத் திறந்தாள்.

“மொதலாளி, மண்ணுலயும் கொத்தம் இல்ல, கையிலயும் கொத்தம் இல்ல. காயப்போடுற எடந்தான் கொத்தம்.”

கதை இதுதான். பெரிய ஆர்டர் வந்ததும் அட்டைப் பெட்டிகளை அடுக்க இடம் போதவில்லை. விளக்குகளை நிழலில் காயவைக்கும் பலகைகளை முதலாளி உள்ளறையிலிருந்து எடுத்து வாசற்பக்கமாக நகர்த்தச் சொல்லியிருந்தார். வாசற்பக்கம் காற்று ஒரே திசையிலிருந்து அடிக்கும். பச்சை மண் ஒரு பக்கம் சீக்கிரம் உலர்ந்து சுருங்கும்; மறுபக்கம் ஈரமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே இழுபறியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்துவிடும். சூளைக்குள் போனதும் அது வாயைப் பிளக்கும். அந்த அம்மாளுக்கு இது முதல் நாளே தெரியும்.

“தெரிஞ்சா அன்னைக்கே சொல்லறதுதானே?” என்று கேட்டிருக்கிறார்.

“நீங்க கேக்கலியே மொதலாளி. நீங்க கோவமால்ல இருந்தீங்க.”

பலகைகள் பழைய இடத்துக்குப் போயின. அடுத்த சூளையில் சேதம் வழக்கமான அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் விவகாரம் அதோடு முடியவில்லை. பிடித்துக்கொண்ட கூலி இருக்கிறதே? அந்த அம்மாளின் பேத்தி கடலூரில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். அந்தத் தவணைக்கு வைத்திருந்த பணம்தான் கீறல் கணக்கில் போயிருந்தது. குற்றம் பலகையை நகர்த்தியவருடையது என்றால், கூலியைத் திருப்பித் தரவேண்டியவர் யார்? சிநேகிதர் இந்த இடத்தில் சற்றுத் தடுமாறினார். “ஆர்டர்லே ஏற்கெனவே நஷ்டம் சார். மொத்தமும் கொடுத்தா எனக்கு மிஞ்சறது ஒண்ணுமில்லே” என்றார்.

நான் சீனாவை விட்டு அவர் ஊருக்கே திரும்பிவந்தேன். பழமலைநாதர் கோயில் பிராகாரத்தில் ஒரு வன்னி மரம் நிற்கிறது. விபசித்து முனிவர் அந்தக் கோயிலைத் திருப்பணி செய்தபோது, வேலை செய்தவர்களுக்கெல்லாம் அந்த மரத்து இலைகளைப் பறித்துக் கூலியாகக் கொடுப்பாராம். அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அந்த இலைகள் பொற்காசாக மாறுமாம். முதலாளிமார்களுக்கு மிகவும் பிடித்த கதை இது. உழைத்தவனுக்குத்தான் பொன் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு இந்தக் கதையில் வேறோர் இடம் பிடிக்கும். முனிவர் யாரையும் எடைபோடவில்லை. எல்லோருக்கும் ஒரே மரத்து இலையைத்தான் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் தீர்ப்பு. அதுவும் அவருடைய தீர்ப்பு அல்ல. நம்முடைய எண்ணிக்கைக் கூலியில், முதலில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பிறகு இலையைப் பறிக்கப் போகிறோம். தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரும், ஆளை ஆராய்ந்து தேர்ந்தெடு, தேர்ந்த பிறகு வேலையை அவன் பொறுப்பில் விடு என்றுதான் சொல்கிறார். சுவரில் மாட்டிய படத்தில் கைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. நஷ்டம் வந்த அன்றைக்குமட்டும் மேலே இருக்கிற கை விலகிக்கொள்வது எந்தக் கூட்டுமுயற்சியில் சேர்த்தி?

நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டாரா, அல்லது கொளஞ்சியப்பர் பிராது அவரைத் தூங்கவிடவில்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. பிடித்த கூலியில் பாதியைக் கார்த்திகைக்கு முன்னும், மீதியைப் பொங்கலுக்கும் கொடுத்துத் தீர்த்தார். நேர்மையான மனிதர், ஆனால் பணக்காரர் அல்ல. திருப்பூருக்குப் போன மூவரில் ஒருத்தி திரும்பி வந்தாள். மற்ற இருவர் வரவில்லை. புத்தி கொஞ்சம் தாமதித்து வந்தால், அதற்கு நாம் கொடுக்கவேண்டிய வட்டி அது.

தை மாதத்தில் அவரை மறுபடி சந்தித்தேன். பட்டறைக் கூடத்தில் முக்காலி நிரந்தரமாகப் போட்டிருந்தது. இங்கிலீஷ் படத்தைக் காணோம். பிராதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்களாம். எல்லாம் சுபமாக முடிந்தும் சிநேகிதரின் முகத்தில் ஒரு சிறு மனத்தாங்கல் தெரிந்தது. என்னவென்று விசாரித்தேன்.

“வேறொண்ணுமில்லே சார். கீறல் எப்படித் தீந்துதுன்னு பக்கத்துப் பட்டறைக்காரர் வந்து அந்த அம்மாவைக் கேட்டார். ‘நாங்களே பேசிக் கண்டுபிடிச்சுத் தீத்துக்கிட்டோம்’னு சொல்லிட்டாங்க. மூணு நாள் முக்காலியிலே உட்கார்ந்து எட்டு விளக்கை உடைச்சவன் நான். என் பேரை ஒரு வார்த்தை சொல்லலே!”

நான் சிரித்துவிட்டேன். லாவோ ட்சுவின் பெயரால் வழங்கும் நூலில் இரண்டு கருத்துகள் இருக்கின்றன. ஒன்று, மண்ணைப் பிசைந்து பாத்திரம் செய்தாலும், அதற்குள்ளே இருக்கிற வெற்றிடம்தான் உபயோகப்படுகிறது என்பது. பீங்கான் விற்றுப் பிழைக்கிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றொன்று தலைவர்களைத் தரம் பிரிப்பது. ஜனங்கள் இகழ்கிற தலைவன் கடைசி. அவனுக்கு மேலே ஜனங்கள் அஞ்சுகிறவன். அவனுக்கும் மேலே ஜனங்கள் புகழ்கிறவன். எல்லாருக்கும் மேலே இருப்பவன், இருக்கிறான் என்பதே தெரியாமல் இருப்பவன். அவனிருக்கும் இடத்தில் வேலை முடிந்ததும் ஜனங்கள், ஆஹா, நாமே செய்து முடித்தோம் என்று சொல்லிக்கொள்வார்களாம்.

இதை அவரிடம் சொல்லி, “பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியிருக்கிறீர்கள்” என்றேன்.

அவர் சற்று யோசித்தார். “தேறினது சரி சார். ஆனா அந்தச் சீனாக்காரருக்கு வியாபாரம் பண்ணிப் பழக்கம் இருந்திருக்காது” என்றார்.